உண்மைப் பெயர் போட்டால் சண்டை நிற்குமா?

மே 3, 2025

வாசகர் ஒருவர் போட்ட கேள்வி: “இணையத்தில் நடக்கும் சண்டைக்கெல்லாம் மூலகாரணம் முகமூடி. உண்மைப் பெயரையும் ஊரையும் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைத்துவிட்டால் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். மறுக்க முடியுமா?”

முடியும். எனக்குப் பாம்பனில் வலைக்கடை. நைலான் நூல், கயிறு, மிதவை, ஈயக்குண்டு விற்கிறேன். கடையை ஒட்டித் தொடங்கிய வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு நான்தான் அட்மின். காற்று எப்படி, இறால் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டுக்கொள்ளத்தான் ஆரம்பித்தோம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆட்கள் அதில் இருக்கிறார்கள். முகமூடி போட அங்கே வழியே இல்லை. ஒருவர் ‘காலை வணக்கம்’ என்று போட்டால், அவருடைய தாத்தா யாருடைய வல்லத்தில் போனார், மாமனார் எந்தச் சம்மாட்டியிடம் (படகு முதலாளியிடம்) முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது வரை மற்றவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில்தான் அறுந்துபோன ஒரு நண்டு வலைக்காக விடிய விடிய ஏச்சும் பேச்சும் நடந்தது. எல்லோரும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு திட்டிக்கொண்டார்கள். ஒருவர் பேத்தியை மடியில் வைத்திருக்கும் படத்தோடு திட்டினார்.

ஊர்க்கதை போதாது என்றால் தென்கொரியாவைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் வைத்தியத்தை அவர்கள் 2007-இல் சட்டமாகவே போட்டுப் பார்த்தார்கள். பெரிய தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால் அடையாளத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏச்சு ஒழியவில்லை. அதற்குள் 2011-இல் ஒரு பெரிய தளத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிட்டது.

மே 3, இரவு

கேட்டவருக்கு நியாயமாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜான் சுலர் என்ற உளவியலாளர் 2004-இல், திரைக்கு முன்னால் மனிதர்களின் கட்டு ஏன் அவிழ்கிறது என்று ஆறு காரணங்கள் அடுக்கினார். பெயர் தெரியாமை அதில் ஒன்று. முகம் தெரியாமை தனியாக இன்னொன்று. எங்கள் ஆட்களுக்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. அதாவது எழுதும் நேரத்தில் எதிராளியின் முகம் போகிற போக்கு தெரியாது. பாதிக் காரணத்தை நீங்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

மே 6

முகம் என்று சொன்னதும் மண்டபம் நண்பர் ஒருவர், “எழுத்தில்தானே தொனி தெரியாது, குரல் பதிவு போட்டால் சரியாகிவிடுமே” என்கிறார்.

எழுத்தைப் பற்றி அவர் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 2005-இல் குரூகர், எப்ளி முதலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மின்னஞ்சலில் ஒருவர் கிண்டலாகவோ நிஜமாகவோ ஒன்றை எழுதுவார். படிப்பவர் எது என்று சொல்ல வேண்டும். 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். 56 சதவீதம்தான் புரிந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

ஆனால் குரல் பதிவு எங்கள் கரையில் வேறு மாதிரி வேலை செய்கிறது. நாட்டுப்படகுக்காரர் ஒருவர் கடலிலிருந்து திரும்பும்போது பதிவு செய்து அனுப்பினார். பின்னால் என்ஜின் தடதடவென்று ஓடுகிறது, காற்று மைக்கில் அடிக்கிறது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “என் வலை மேல் யார் இழுத்துக்கொண்டு போனீர்கள், சொல்லுங்கள், வலையைப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.” என்ஜின் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பேச வேண்டும், கத்தினார். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அதைக் கேட்ட விசைப்படகுக்காரருக்கு, கழுத்தைப் பிடிக்க வருகிற ஆள் மாதிரி இருந்திருக்கிறது. அவரும் ஒரு பதிவு போட்டார். அவருக்குப் பின்னால் என்ஜின் இல்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அனுப்பியவர் அப்போதும் கத்தித்தான் பேசினார். முப்பது வருடம் என்ஜின் பக்கத்தில் நின்றவருக்குக் காது அவ்வளவுதான். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். குழுவில் இவர்களுக்கு ஆதரவாக வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவர்கள் மட்டும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

மே 7

“இதெல்லாம் கம்பெனிகள் செய்கிற வேலை, அல்காரிதம்” என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். ஃபேஸ்புக் விஷயத்தில் அது வதந்தி இல்லை. 2016 பிப்ரவரியில் கட்டைவிரலோடு கோபம், சிரிப்பு, சோகம் என்று முகங்களைச் சேர்த்தார்கள். 2017 முதல் அந்த முகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்து, எதை மேலே காட்டுவது என்று முடிவு செய்தார்கள். சிவந்த முகத்தை வாங்கிக் குவித்த பதிவு மேலே ஏறியது. கோப முகத்தின் மதிப்பை 2020-இல்தான் பூஜ்யமாக்கினார்கள். உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது 2021-இல்.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் எதையும் எவரும் மேலே தூக்கி வைப்பதில்லை. முதலில் வந்தது முதலில், பின்னால் வந்தது பின்னால். அங்கேயும் சண்டை வருகிறதே? நெருப்பை ஊதியவர்களை விடுவிக்கச் சொல்லவில்லை. விறகு எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

மே 11

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, நாட்டுப்படகு போகலாம். ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ஏற்பாடு. ஒரே கடலில் விசைப்படகின் இழுவை வலையும் நாட்டுப்படகின் வழிவலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது என்பதற்காகச் செய்தது. சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கவும் கூடாது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த மூன்று நாள், நான்கு நாள், மூன்று மைல் ஆகியவற்றின் மேல்தான் எங்கள் கோபதாபமெல்லாம் குடியிருக்கிறது.

தடைக்காலத்தில் வலை அறுக்கப் படகே இல்லை. நியாயப்படி குழு அமைதியாக இருக்க வேண்டும். வருடத்தில் அதிகச் சண்டை நடப்பது இப்போதுதான். காரணம் எளிது: ஆட்கள் கரையில் இருக்கிறார்கள், கையில் வேலை இல்லை, கையில் போன் இருக்கிறது.

இந்த வருடம் பற்றவைத்தது ஒரு படம். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். ஒருவர் தன் கணக்கில் 8,000 வரவு வைக்கப்பட்டதாக வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். ‘நன்றி’ என்று கூட எழுதவில்லை, வெறும் படம். “எனக்கு வரவில்லையே” என்றார் ஒருவர். “உனக்கு எப்படி வரும், நீ கடலுக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது” என்றார் அவருடைய மச்சான். அடுத்து யார் யார் உண்மையான மீனவர், யார் அட்டைக்காக மீனவர் என்ற பட்டியல் தொடங்கியது. படம் போட்டவர் அதற்குள் தூங்கிவிட்டார்.

அவர் எவரையும் சீண்டவில்லை. மகிழ்ச்சியாக இருந்தார், அதைப் போட்டார். கோபம்தான் சண்டையை மூட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே 12

சண்டை நடக்கும் நேரத்தைப் பற்றி ஒரு குறிப்பு. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள், யார் வேண்டுமானாலும் வம்புக்காரர் ஆகலாம் என்று காட்டினார்கள். மனநிலை கெட்டிருந்து, முன்னால் ஏற்கெனவே வம்பான கருத்துகளும் இருந்தால், சாதாரண ஆட்களே வம்பாக எழுதுவது 35 சதவீதத்திலிருந்து 68 சதவீதத்துக்கு ஏறியது. ஒரு பெரிய செய்தித் தளத்தின் கருத்துகளைப் பார்த்தபோது, பின்னிரவில் வம்பு கூடியதும் தெரிந்தது.

எங்கள் குழுவிலும் நள்ளிரவுக்கு மேல்தான் சூடு. ஆனால் அந்த நேரத்தில் எழுதுபவர்களில் பலருக்கு அது பின்னிரவு இல்லை. பெரியபட்டினம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். துபாயில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதியில் இரண்டரை மணி நேரம் பின்னால். வேலை முடித்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து போனை எடுக்கிறார்கள். இங்கே இருப்பவன் ‘நாளைக்குப் பேசலாம்’ என்று படுக்கப் போகும் நேரத்தில் அங்கே ஒருவன் புதிதாகத் தொடங்குகிறான். அவன் வீட்டுப் பிரச்சினைதான், அவன் அப்பாவின் வலைதான். ஆனால் நேரில் வந்து பேச முடியாது, தடுக்க முடியாது, அடிக்கவும் முடியாது. எழுதத்தான் முடியும். எங்கள் குழுவில் அதிகமாகக் கொதிப்பவர்கள் மிகத் தொலைவில் இருப்பவர்கள்தான்.

மே 18

கீழக்கரைக்காரர் ஒருவர் சுருக்கென்று கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டில் இருப்பவன் கொதிக்கிறான் என்று எழுதத் தெரிகிறது. ஒருவன் படகிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டால் மதுரைக்குக் கொண்டுபோகப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதினீர்களா?”

எழுத வேண்டியதுதான். போன வருடம் ஒரு தொழிலாளியின் சிகிச்சைக்குக் குழுவில் கேட்டபோது, பொழுது விடிவதற்குள் பணம் சேர்ந்தது. முதலில் அனுப்பியவர் சவூதியில் இருக்கிறவர். அவரும், முறிந்த காலுக்குச் சொந்தக்காரரின் அண்ணனும், முந்திய வாரம்தான் ஒருவரையொருவர் வாய் கூசும்படி பேசியிருந்தார்கள். தொலைவில் இருப்பதன் இயலாமை இரண்டு பக்கமும் வெட்டுகிறது; சிலநாள் ஏச்சாக வருகிறது, சிலநாள் பணமாக வருகிறது. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடும் என்பது என் சந்தேகம்.

மே 19

முன்பு குழுவை விட்டு ஒருவர் போனால் ‘வெளியேறினார்’ என்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு வரி விழும். அது பெரிய ஆயுதம். பலர் அந்த வரிக்காகவே போவார்கள். மறுநாள் சேர்க்கச் சொல்வார்கள். 2022-இல் அதை மாற்றி, அட்மினுக்கு மட்டும் தெரியும்படி செய்துவிட்டார்கள். போன வாரம் ஒரு மாமா கோபித்துக்கொண்டு வெளியேறினார். இரண்டு நாள் எந்த விசாரிப்பும் இல்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்து, “நான் போனதை யாரும் பார்க்கவில்லையா?” என்று கேட்டார்.

மே 27

பயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்தேன்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்றாம் எண், இரண்டாம் எண், மூன்றாம் எண் என்று கூண்டு மாற மாற ஊரின் பேச்சும் மாறும். இங்கே பயம் வெறும் கற்பனை இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதைக் கண்ணால் பார்த்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் பார்க்காதவர்களுக்கும் அந்த வருடம் மனப்பாடம். எனவே யாரோ எங்கிருந்தோ அனுப்பும் ஒரு வீடியோவின் தலையில் ‘1964 போல’ என்று இரண்டு சொல் இருந்தால் போதும், விசாரிக்காமல் அனுப்புவார்கள். ஜப்பான் சுனாமியை மன்னார் வளைகுடா என்று போட்ட வீடியோவை எனக்கு அனுப்பியவர், முப்பது வருடம் கடலுக்குப் போனவர். அதில் இருக்கும் படகு நம்முடையதில்லை என்று முதல் பார்வையிலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். “தெரிந்தது, ஆனாலும் ஒருவேளை உண்மையாக இருந்தால்?” என்றார்.

அந்த ‘ஒருவேளை’தான் வண்டியை ஓட்டுகிறது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திச் சங்கிலிகளை எடுத்துப் பார்த்தது. பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். பொய்க்கு வந்த பதில்களில் வியப்பும் அச்சமும் அருவருப்பும் மிகுந்திருந்தன. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான்.

அதே 2018-இல் நம் மாநிலத்திலேயே நடந்ததை மறக்க முடியாது. பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டுப் போகும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு ஓடவிட்டார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அடித்தவர்கள் தங்களைக் கெட்டவர்களாக நினைத்திருக்க மாட்டார்கள். பிள்ளையைக் காப்பதாக நினைத்திருப்பார்கள். அதுதான் எனக்குப் பயம்.

அதற்குப் பிறகுதான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2020-இல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. புத்தி சொல்லி நடக்காததை, கூடுதலாக நாலு தடவை விரலைத் தட்ட வைத்து நடத்திக்காட்டினார்கள்.

மே 28

“வானொலி இருந்த காலத்தில் இப்படியா இருந்தது” என்று கேட்டவருக்கு: இப்போதும் இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ 90.4 ஓடுகிறது. அதில் சண்டை வராததற்குக் காரணம் நம் ஆட்கள் அங்கே திருந்திவிடுவது இல்லை. கேட்பவருக்கும் பேசுபவருக்கும் நடுவில் ஓர் அறிவிப்பாளர் இருக்கிறார்.

ஜூன் 2

சோகம் பரவாது என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மேன் இருவரும் நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் எவற்றை மக்கள் அதிகமாக மின்னஞ்சலில் அனுப்பினார்கள் என்று பார்த்து 2012-இல் எழுதினார்கள். வியப்பும் கோபமும் பதற்றமும் அனுப்பவைத்தன. சோகம் ஆளை அப்படியே உட்காரவைத்துவிட்டது.

எங்கள் குழுவில் இறப்புச் செய்தி வந்தால் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். கைகூப்பிய சின்னங்கள் மேலிருந்து கீழ்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் நாள் திட்டிக்கொண்டவர்கள் அடுத்தடுத்த வரியில் ‘ஆழ்ந்த இரங்கல்’ போடுவார்கள். யோசித்துப் பார்த்தால் ஆய்வோடு முரண் இல்லை. அவர்கள் அளந்தது வெளியே எவ்வளவு தூரம் போனது என்பதை. இரங்கல் வெளியே போகாது, உள்ளேயே நிற்கும். பரவுகிற உணர்ச்சி வேறு, ஆட்களைச் சேர்த்துப் பிடித்துவைக்கிற உணர்ச்சி வேறு. கோபம் முதல் வகை, துக்கம் இரண்டாவது வகை.

ஜூன் 2, இரவு

மேலே எழுதியது அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது. போன ஐப்பசியில் நடந்தது நினைவுக்கு வருகிறது. வலை விவகாரம் ஒன்றில் வாதம் முற்றியபோது, சம்பந்தமே இல்லாமல் ஒருவர் எழுதினார்: “என் அப்பா இறந்த அன்று உங்கள் தெருவிலிருந்து யார் யார் இரங்கல் போட்டீர்கள்? மேலே போய்ப் பாருங்கள்.” ஒருவர் உண்மையிலேயே மேலே போய்ப் பார்த்து, பெயர்களை எண்ணி, எண்ணிக்கையோடு வந்தார்.

நம் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? பெயர், ஊர், தொகை எழுதி, விசேஷம் முடிந்ததும் பெட்டியில் வைத்துவிடுவோம். எதிர் வீட்டில் காதுகுத்து வரும்போது எடுத்துப் பார்த்து, குறையாமல் திருப்பிச் செய்வோம். குழுவில் விழும் ஒவ்வொரு கைகூப்பலும் கட்டைவிரலும் ஏச்சும் அப்படி எழுதப்படுகிற மொய்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. வீட்டு நோட்டை வீட்டுக்காரர் மட்டும் பார்ப்பார். இந்த நோட்டு ஊருக்கே திறந்து கிடக்கிறது. யார் எனக்காகக் கோபப்பட்டான், யார் படித்துவிட்டுச் சும்மா இருந்தான் என்பது நீல நிற ‘டிக்’ வரைக்கும் பதிவாகிறது.

இப்படிப் பார்த்தால் பல புதிர்கள் அவிழ்கின்றன. சண்டையில் இறங்குகிறவர் எதிராளியிடம் பேசுவதாகத்தான் தோன்றும். உண்மையில் தன் ஆட்களுக்கு மொய் வைக்கிறார். பிரேடி என்பவரும் கூட்டாளிகளும் 2017-இல், அறமும் உணர்ச்சியும் கலந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ட்வீட்டின் பரவல் சுமார் 20 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டார்கள். ‘அநியாயம்’, ‘துரோகம்’ போன்ற சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரவல் பெரும்பாலும் சொந்த அணிக்குள்ளேயே நடந்தது; எதிரணிக்கு அவ்வளவாகப் போகவில்லை. 2021-இல் அவர்களே இன்னொன்றும் காட்டினார்கள்: சீறியதற்கு லைக்கும் பகிர்வும் கிடைத்தவர்கள் பின்னால் இன்னும் அதிகமாகச் சீறுகிறார்கள். வைத்த மொய் வட்டியோடு திரும்பினால் யார்தான் நிறுத்துவார்கள்?

ஜூன் 3

ஓர் இடைச்செருகல். தொல்காப்பியம் மெய்ப்பாட்டை, அதாவது உடலில் தெரியும் உணர்ச்சியை, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வைக்கிறது. ஃபேஸ்புக் ஏழோடு நிறுத்திக்கொண்டது. இளிவரலுக்கு, அதாவது இழிவு உணர்ச்சிக்கு, முகமே கிடையாது. அதனால்தான் சிரிக்கிற முகத்தை எடுத்து இழிவு செய்யப் பயன்படுத்துகிறார்கள். இறந்தவர் செய்திக்குக் கீழே சிரிப்பு முகம் போடுகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். வெகுளி பிறக்கும் நான்கு இடங்களில் ‘குடிகோள்’ ஒன்று: தன் குடியை, சுற்றத்தை ஒருவன் நலிந்தால் வருகிற கோபம். எங்கள் குழுவின் முக்கால்வாசி அதில் அடங்கும்.

ஜூன் 17

தடை முடிந்தது. விசைப்படகுகள் போய்விட்டன, குழு காலியாகக் கிடக்கிறது. ஐஸ் விலை, கணவாய் விலை, ‘காற்று கச்சானா’ (மேற்குக் காற்றா) என்று ஒரு வரி. அவ்வளவுதான். 8,000 ரூபாயைப் பற்றி ஒரு மூச்சு இல்லை.

ஜூன் 21

மண்டபம் நண்பர் மறுபடியும் வந்திருக்கிறார். “குழு ஆட்களை மாற்றுகிறது என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். நேரிலும் அவர்கள் அப்படித்தானே?”

நல்ல கேள்வி. டென்மார்க்கில் ஆய்வு செய்த அலெக்சாண்டர் போர், மைக்கேல் பீட்டர்சன் என்ற இருவர் இதைத்தான் சொல்கிறார்கள். இணையத்தில் சண்டைபோடுகிறவர்கள் நேரிலும் சண்டைக்காரர்கள்தான். இணையத்தில் அவர்கள் கண்ணில் படுவது அதிகம் என்பதுதான் வித்தியாசம். எங்கள் குழுவின் பெரிய வாய் ஒருவர், மீனவர் சங்கக் கூட்டத்திலும் மேசையைத் தட்டுகிறவர். ஆக, நண்பர் சொல்வதில் பெரும்பகுதி சரி.

ஆனால் கூட்டத்தில் அவர் மேசையைத் தட்டும்போது, பக்கத்தில் இருக்கும் சித்தப்பா தொடையைத் தொட்டு “இருடா” என்பார். அவர் இரண்டு நிமிடம் முனகிவிட்டு உட்கார்வார். அந்தத் தொடுதலை எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. குழுவில் ‘இருடா’ என்று ஒருவர் எழுதினால், அதையும் ஊரே படிக்கும். எழுதியவர் எந்தப் பக்கம் என்று கணக்கு ஏறும். அதனால் சித்தப்பாக்கள் எழுதுவதில்லை.

ஜூன் 30

இதை எழுதலாமா என்று தயங்கினேன். இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்தது என்று செய்தி வரும் ஒவ்வொரு முறையும் குழுவில் முதலில் வருவது பெயர்ப் பட்டியல். எவரோ கேட்டதை எவரோ எழுதியது. ஒருமுறை அப்படி வந்த பட்டியலில் இருந்த பெயர்களில் ஒன்று, அன்று கடலுக்கே போகாத ஆளுடையது. அதே பெயரில் இன்னொருவர் போயிருந்தார். போகாதவர் வீட்டில் அழுகை. போனவர் வீட்டில், பட்டியலில் இருப்பது நம் ஆள் இல்லை என்று நிம்மதி. திருத்தம் வருவதற்குள் இரண்டு வீட்டிலும் சொந்தங்கள் கூடிவிட்டன. அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார், முந்திக்கொண்டு உதவ வேண்டும் என்று.

அந்த நேரத்தில் ஒருவர் ‘பொறுங்கள், உறுதியாகட்டும்’ என்று எழுதினால், “உன் வீட்டு ஆள் என்றால் இப்படிச் சொல்வாயா” என்று பாய்வார்கள். நிதானம் இரக்கமில்லாமையாகத் தெரிகிற நேரம் அது. நான் வைத்த விதி ஒன்றுதான்: பட்டியல் என்றால் சங்கத்தின் தாளில் இருக்க வேண்டும், மற்றதை நீக்குவேன். அட்மின் மற்றவர் போட்டதை எல்லோருக்கும் நீக்கும் வசதி இருப்பதால் இதைச் செய்ய முடிகிறது. நீக்கியதற்காக வாங்கிய வசவையும் நீக்கலாம். அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். திட்டியவர்கள் அன்று பயத்தில் இருந்தார்கள்.

ஜூலை 9

“அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்களேன்” என்று மூன்று பேர் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். செய்து பார்த்தேன். குழுவில் எழுத முடியாதவர்கள் கடைக்கு வந்து பேசினார்கள்; வியாபாரம் நடக்கவில்லை. கூண்டு ஏறினால் மட்டும் பூட்டுகிறேன்.

ஜூலை 20

குழு இரண்டாகிவிட்டது. நாட்டுப்படகுக்காரர்கள் தனிக்குழு தொடங்கி, அதிலும் என்னை அட்மினாக்கிவிட்டார்கள். பிரிந்ததால் சண்டை குறையும் என்று நினைத்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் என்ற ஒன்றை மறந்துவிட்டார்கள். இரண்டு குழுவிலும் இருக்கிற ஒரு புண்ணியவான், இங்கே பேசுவதைப் படம் எடுத்து அங்கே போடுகிறார். முன்பாவது எதிராளி முன்னால் இருக்கிறான் என்று கொஞ்சம் அடக்கி எழுதினார்கள். இப்போது நம் ஆட்கள்தானே என்று அவிழ்த்துவிடுகிறார்கள், அது அப்படியே அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. அவரை நீக்கச் சொல்லி இரண்டு தரப்பும் கேட்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இதுதான் என்பதால் நீக்காமல் வைத்திருக்கிறேன்.

ஜூலை 23

காலையில் காற்று நிலவரத்தை இரண்டு குழுவிலும் போடுகிறேன். ஒரே படம், ஒரே வரி. இன்று நாட்டுப்படகுக் குழுவிலிருந்து ஒருவர் நூல் வாங்க வந்தவர், விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டார்: “அவர்களுக்கு 5.10-க்குப் போட்டிருக்கிறீர்கள், எங்களுக்கு 5.12. ஏன் அண்ணே?” அந்தப் புண்ணியவான் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

சங்கச் செயலாளரிடம் கேட்டேன். முறை வைத்துப் போடுங்கள் என்கிறார்: வாரத்தில் மூன்று நாள் அவர்களுக்கு முதலில், நான்கு நாள் இவர்களுக்கு முதலில். யாருக்கு மூன்று என்று சொல்வதற்கு அவரையே கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.